நீரிழிவும் விறைப்புக் குறைவும்: ஜவ்வாது மலையை முன்வைத்து ஒரு சொற்பொழிவு

விறைப்புக் குறைவு என்பது உடலுறவுக்குத் தேவையான அளவு ஆணுறுப்பு விறைக்காமல் போவது, அல்லது விறைத்தும் நிலைக்காமல் இடையிலேயே தளர்ந்துவிடுவது. அலுப்பிலோ மனக்கவலையிலோ குடித்த இரவிலோ ஒருநாள் இருநாள் நேர்வது இதில் சேராது. மூன்று மாதமாவது தொடர்ந்தால்தான் மருத்துவம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆசை குறைவது வேறு, விந்து முந்துவது வேறு. நோயாளிகள் மூன்றையும் ஒரே பேச்சில் ‘ஆண்மைக் குறைவு’ என்று சொல்லிவிடுவதால், எது என்று பிரித்துக் கேட்பது மருத்துவரின் வேலையாகிறது.

நீரிழிவுக்காரர்களிடம் இது அரிய தொல்லை அல்ல. பதினோராம் நூற்றாண்டின் பாரசீக மருத்துவர் இப்னு சீனா நீரிழிவை விவரித்தபோதே அதனால் ஆண்மை தளர்வதையும் சேர்த்து எழுதினார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1987 முதல் 1989 வரை 40 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மொத்தத்தில் அறவே விறைப்பு இல்லாதவர்கள் 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களிடம் 28 சதவீதம். பின்னாளில் 145 ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் வெளியான தொகுப்பு, நீரிழிவு உள்ள ஆண்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோருக்கு ஏதோ ஓர் அளவில் இக்குறை இருப்பதாகக் கண்டது. நீரிழிவு இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் வாய்ப்பு மூன்றரை மடங்கு. வருவதும் பத்துப் பதினைந்து ஆண்டு முந்தியே வருகிறது. அறுபதில் வரவேண்டியது நாற்பத்தைந்தில் வந்து நிற்கும்போது, வயதாகிவிட்டது என்று தேற்றிக்கொள்ளவும் வழியில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை ஆய்வாளர்கள் ஆர்.எம். அஞ்சனா, வி. மோகன் முதலியோர் நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி. தமிழ்நாட்டில் வளர்ந்தோரில் 14.4 சதவீதம். நாட்டின் முதல் நீரிழிவுச் சிகிச்சைப் பிரிவு 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் எம். விஸ்வநாதன் தொடங்கியது என்பதையும் நினைவில் கொண்டால், இந்நோயோடு தமிழ்நாட்டு மருத்துவத்துக்கு முக்கால் நூற்றாண்டுப் பழக்கம் உண்டு. கண்ணைப் பார், காலைப் பார், சிறுநீரகத்தைப் பார் என்பதெல்லாம் இன்று சிற்றூர் வரை எட்டிவிட்டது. விறைப்புக் குறைவைப் பற்றி மட்டும் நோயாளியும் வாய் திறப்பதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை.

விறைப்பு எப்படி நிகழ்கிறது என்று தெரிந்தால், நீரிழிவு எங்கெங்கே கை வைக்கிறது என்பதும் விளங்கும். ஆணுறுப்பின் உள்ளே நீளவாக்கில் பஞ்சு போன்ற இரண்டு தசைத் தண்டுகள் உள்ளன. சாதாரண நேரத்தில் அவற்றின் மென்தசை இறுகிக் கிடக்கும்; ரத்தம் கொஞ்சமாகவே உள்ளே வரும். கிளர்ச்சி ஏற்பட்டதும் முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும் நரம்புகளின் முனையிலும், ரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அது தசைக்குள் நுழைந்து சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருளைப் பெருக்குகிறது. தசை தளர்கிறது, தமனி விரிகிறது, ரத்தம் பாய்ந்து நிரம்புகிறது. நிரம்பிய தண்டு, ரத்தம் திரும்பிப் போகும் சிரைகளைத் தன் உறையோடு சேர்த்து அமுக்கிவிடுவதால் வந்த ரத்தம் அங்கேயே தங்குகிறது. கிளர்ச்சி அடங்கியதும் பிடிஇ-5 என்ற நொதி சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்க, எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ரத்தக் குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடின் வேலையைக் கண்டறிந்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சங்கிலியில் நீரிழிவு தொடாத கண்ணி இல்லை. ஆண்டுக்கணக்கில் உயர்ந்து நிற்கும் சர்க்கரை ரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுப்பதால் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பது குறைகிறது; சுரப்பதிலும் ஒரு பகுதி வேலை செய்யுமுன் அழிந்துபோகிறது. பாதத்தில் எரிச்சலையும் மதமதப்பையும் கொடுக்கும் அதே நரம்புச் சிதைவு, விறைப்புக்கான நரம்புகளையும் அரிக்கிறது. தசைத் தண்டின் நார்கள் மீள்தன்மை இழக்கின்றன, அதனால் சிரைகள் சரியாக அடைபடாமல் ரத்தம் கசிந்து வெளியேறுகிறது. இடுப்புத் தமனிகளில் கொழுப்பு படிந்து வரத்தே சுருங்கலாம். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருப்பதும் சேர்ந்துகொள்கிறது. இவ்வளவுக்கும் மேலே மனம். ஒருமுறை தவறிப்போனால் அடுத்த முறை தவறிவிடுமோ என்ற பயமே தவறவைக்கும். உடல் காரணமா மனக் காரணமா என்று இரண்டில் ஒன்றைத் தேடுவது நீரிழிவுக்காரர் விஷயத்தில் பெரும்பாலும் வீண்வேலை. இரண்டும் இருக்கும்.

இதை வெறும் படுக்கையறைச் சங்கதி என்று ஒதுக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் உள்விட்டம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர். இதயத் தமனியினுடையது மூன்று முதல் நான்கு. கெடுக்கும் காரணம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் சிறிய குழாய்தான் முதலில் அடையாளம் காட்டுகிறது. 2003-இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள், நெஞ்சுவலியோடு வந்து இதயத் தமனி அடைப்பு உறுதியான 300 ஆண்களை விசாரித்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேருக்கு விறைப்புக் குறைவு இருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நெஞ்சுவலிக்குச் சராசரியாக மூன்று ஆண்டுக்கும் மேலாக முன்னரே அது தொடங்கியிருந்தது. நீரிழிவுக்காரர்களுக்கு மாரடைப்பே சில சமயம் வலியில்லாமல் வந்துபோகும். அப்படிப்பட்ட உடலில் மூன்று ஆண்டு முன்னறிவிப்பு என்பது சாதாரண விஷயமா? கூச்சத்தால் அந்த அறிவிப்பு கேட்பாரற்றுப் போகிறது.

அது எப்படி என்று பார்க்க ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்வோம். இது திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதி. மக்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். ஜமுனாமரத்தூர் இதன் முக்கிய ஊர். சாமையும் புளியும் தேனும் பலாவும் இம்மலையின் பேர்சொல்லும் விளைச்சல்கள். சர்க்கரை நோய் டவுனில் உட்கார்ந்து தின்பவர்களுக்கு வருவது, ஏறி இறங்கி உழைக்கிறவனுக்கு எங்கே வரும் என்ற நினைப்பு மலையில் மட்டுமல்ல, அடிவாரத்து மருத்துவமனைகளிலும்கூட உண்டு. அந்த நினைப்பு இனிச் செல்லாது. பல வீடுகளில் சாமைச் சோற்றின் இடத்தை ரேஷன் அரிசி பிடித்துக்கொண்டு, சாமை சந்தைக்குப் போகும் தானியமாகிவிட்டது. பைக் வந்தபின் நடையும் குறைந்தது.

ஒல்லியான உடம்பும் காப்பாற்றாது. சிறுவயதில் நேர்ந்த ஊட்டக் குறைவால் இன்சுலின் சுரப்பே குன்றி, மெலிந்த இளைஞர்களிடம் தோன்றும் ஒரு நீரிழிவு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நிகால் தாமஸும் நியூயார்க்கின் மெரிடித் ஹாக்கின்ஸும் அதைத் தனி வகையென நிறுவ நெடுநாள் உழைத்தவர்கள். 2025 ஜனவரியில் வேலூரில் வல்லுநர் கூட்டம் நடந்து, அதே ஆண்டு ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு அதற்கு ஐந்தாம் வகை என்ற பெயரைக் கொடுத்தது. ஆகவே விறைப்புக் குறைவோடு வரும் மெலிந்த மலைவாசிக்கு, தொப்பை இல்லையே என்று சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிவிடக் கூடாது. சிலருக்கு நீரிழிவு இருப்பதே இந்தக் குறையைச் சொல்லி வரும்போதுதான் தெரியவருகிறது.

மருந்து இன்று மலைக்கு வந்து சேர்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். திட்டத்தின் நன்மையில் ஐயமில்லை. ஆனால் மாத்திரை கொண்டுவரும் பெண் அக்கம்பக்கத்து ஊர்க்காரர். முறையில் அண்ணியாகவோ சின்னம்மாவாகவோ இருக்கக்கூடும். திண்ணையில் வைத்து விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்க்கும் அவரிடம் இதைச் சொல்ல எந்த ஆணுக்கும் நா எழாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் மேசையைச் சுற்றி இன்னும் நாலு பேர் சீட்டோடு நிற்பார்கள். அங்கே அவர் சொல்வது “அசதியா இருக்குதுங்க”, “இடுப்பு விட்டுப்போவுதுங்க” என்பதுதான். சத்து மாத்திரையோடு திரும்புவார்.

ஆகவே கேள்வி மருத்துவரிடமிருந்து வரவேண்டும், அதுவும் தனியே அழைத்து. கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “சர்க்கரை இருக்கிறவங்க நிறைய பேருக்கு விறைப்பு குறையும். உங்களுக்கு எப்படிங்க?” என்று கேட்டால், குறை தனக்கு மட்டுமல்ல என்பது கேள்வியிலேயே வந்துவிடும். “ஒரு வருசமா முன்ன மாதிரி இல்லீங்க” என்ற பதில் வர அதிக நேரம் ஆகாது. மேற்கொண்டு கேட்க வேண்டியவை சில. மெல்ல மெல்லக் குறைந்ததா, திடீரென்று நின்றதா? விடியற்காலையில் தானாக ஏற்படும் விறைப்பு இருக்கிறதா? அது நன்றாக இருந்து, உறவின்போது மட்டும் இல்லையென்றால் மனப்பங்கு கூடுதல் என்று கொள்ளலாம். பீடி, சாராயம் எவ்வளவு? மாரடைப்போ நெஞ்சுவலியோ வந்ததுண்டா? என்னென்ன மாத்திரை? ஐந்தே கேள்விகளுக்கு மதிப்பெண் போட்டு 25-க்கு 21 அல்லது அதற்குக் கீழே வந்தால் குறை உண்டு என்று காட்டும் வினாத்தாளும் உலகெங்கும் பயன்படுகிறது. கால் நாடி, பாதத்தின் தொடு உணர்வு, ரத்த அழுத்தம், விதைகள் ஆகியவற்றைப் பார்த்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு, இசிஜி எடுத்தால் பெரும்பாலோருக்குப் போதும். டெஸ்டோஸ்டிரோனுக்கு ரத்தம் எடுப்பதாக இருந்தால் காலை 11 மணிக்குள். குறைவாக வந்தால் இன்னொரு நாள் திரும்பப் பார்த்த பிறகே முடிவு.

மாத்திரையைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது செய்யும் கேடு பெரிது. சர்க்கரை மாத்திரைதான் ஆண்மையைக் கெடுக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். மாத்திரை தொடங்கிய சில ஆண்டுகளில் குறை தலைகாட்டுவதால் இரண்டையும் முடிச்சுப் போடுவது இயல்புதான். மெட்ஃபார்மின் விறைப்பைக் கெடுப்பதில்லை. நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதனால் நரம்புத் தொல்லை கூடலாம், அதைச் சோதித்துச் சரிசெய்துவிடலாம். கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை. மாத்திரையை நிறுத்தினால் நிறுத்திய காரணமே மேலும் வளரும். காபித் தோட்டத்துக்கோ கட்டட வேலைக்கோ வெளிமாநிலம் போய் மாதக்கணக்கில் தங்கும் ஆண்களுக்கு மாத்திரையில் இப்படி இடைவெளி எளிதில் விழுந்துவிடுகிறது. வேறு சில மாத்திரைகள்மீது பழி சொல்ல இடமுண்டு. ரத்த அழுத்தத்துக்குத் தரும் அட்டெனலால், சிறுநீரைப் பெருக்கும் தயசைடு வகை, மனச்சோர்வுக்கான சில மருந்துகள் விறைப்பைக் குறைக்கக்கூடும். அவற்றையும் தானாக நிறுத்தாமல், மாற்றித் தரும்படி கேட்பதே முறை. அம்லோடிபின், டெல்மிசார்டான் போன்றவற்றில் இத்தொல்லை குறைவு.

சிகிச்சை சர்க்கரையிலிருந்தே தொடங்குகிறது. முதல் வகை நீரிழிவுக்காரர்களிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த டிசிசிடி ஆய்வைத் தொடர்ந்து கவனித்தபோது, கண்ணிலோ சிறுநீரகத்திலோ சிறு பாதிப்பு தொடங்கியிருந்தவர்களில் கறாராகச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பின்னாளில் விறைப்புக் குறைவு குறைவாகவே வந்தது. ஆனால் சிதைந்துவிட்ட நரம்பு முழுதாகத் திரும்பி வருவது அரிது. கட்டுப்பாடு காப்பதற்குத்தான், மீட்பதற்கு அல்ல. புகையை நிறுத்துவதும் எடை குறைப்பதும் பலன் தரும். நேப்பிள்ஸ் நகரில் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவு இல்லாத பருத்த உடல்காரர்கள் எடை குறைத்து நடந்து பழகியதில் மூன்றில் ஒருவருக்கு விறைப்பு மீண்டது.

அதற்கடுத்தது விறைப்புக்கான மாத்திரை. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாஃபில் இதய வலிக்காகச் சோதிக்கப்பட்டு வழிமாறி இங்கே வந்த மருந்து. பிடிஇ-5 நொதியைத் தடுத்து, உண்டான சைக்ளிக் ஜிஎம்பியை நிலைக்கவைப்பது அதன் வேலை. நீரிழிவுள்ள 268 ஆண்களிடம் 12 வாரம் கொடுத்துப் பார்த்ததில் 56 சதவீதத்தினர் முன்னேற்றம் சொன்னார்கள்; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம். நீரிழிவில்லாதவர்களுக்குக் கிடைக்கும் பலனைவிட இது குறைவு. ஏன் குறைவு என்பது மேலே சொன்ன சங்கிலியிலேயே இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு சுரந்தால்தானே அதன் விளைவை நீட்டிக்க முடியும்? அதனாலேயே ஆசையும் தொடுதலும் இல்லாமல் மாத்திரை மட்டும் எதையும் செய்யாது. உறவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, எண்ணெய்ப் பண்டமும் கறியும் வயிறு முட்டச் சாப்பிடாத நேரத்தில் எடுக்க வேண்டும். ஒருமுறை பார்த்துவிட்டுப் பலிக்கவில்லை என்று தூக்கிப்போடுபவர்கள் பலர். சரியான அளவில் ஆறேழு முறை முயன்ற பிறகே தீர்ப்புச் சொல்லலாம். டடாலஃபில் 36 மணி நேரம் வரை நிற்கும். சிறிய அளவில் அன்றாடமும் எடுக்கலாம். தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு ஆகியவை வந்துபோகும் தொல்லைகள்.

வந்துபோகாத பேராபத்து ஒன்று உண்டு. இதய வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகளோடு இம்மாத்திரைகள் சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கி உயிருக்கே முடிவாகலாம். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்கும், டடாலஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கூடாது. நெஞ்சுவலியோடு ஆம்புலன்சில் ஏறும்போது வெட்கம் பார்க்காமல் சொல்ல வேண்டிய செய்தி இது. மலைச்சாலையில் மருத்துவமனை போய்ச் சேர நேரம் பிடிக்கும் இடத்தில் இரட்டிப்பு முக்கியம். உறவு தாங்கும் இதயமா என்பதற்கும் எளிய அளவுகோல் உண்டு. இருபது நிமிடத்தில் ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக, வலியோ மூச்சுமுட்டலோ இன்றி நடக்க முடிந்தால் போதும். புளி மூட்டையோடு ஏற்றம் ஏறும் ஆளுக்கு இக்கேள்வியே தேவைப்படாது.

மாத்திரை பலிக்காதவர்களுக்கு அடுத்த படிகள் உண்டு. பிளாஸ்டிக் உருளையிலிருந்து காற்றை வெளியே இழுத்து ரத்தத்தை வரவழைத்து, அடியில் வளையம் மாட்டும் வெற்றிடக் கருவி மருந்தில்லாத வழி. வளையம் அரைமணிக்கு மேல் இருக்கக் கூடாது. ஆணுறுப்பிலேயே மெல்லிய ஊசியால் அல்ப்ரோஸ்டாடில் போட்டுக்கொள்வது இன்னொன்று. இன்சுலின் ஊசி பழகிய கைக்கு இது பெரிய காரியம் அல்ல. விறைப்பு நான்கு மணி நேரம் தாண்டி நீடித்தால் உடனே மருத்துவமனை போக வேண்டும். இந்த ஊசி வைத்தியம் அறிமுகமான விதம் சொற்பொழிவு வரலாற்றிலேயே தனி ரகம். 1983-இல் லாஸ் வேகாஸில் சிறுநீரியல் மருத்துவர்கள் கூட்டத்தில் பேசிய பிரிட்டன் அறிஞர் கைல்ஸ் பிரிண்ட்லி, தன் உறுப்பிலேயே ஊசி போட்டுக்கொண்டு மேடையேறி, கால்சட்டையை இறக்கி நிரூபணம் காட்டினார். அவை திகைத்தது, ஆனால் கருத்து நிலைத்தது. எதற்கும் மசியாத நிலையில் அறுவை சிகிச்சையால் உள்ளே தண்டு பொருத்தலாம். மும்பையின் ரூபின் ஷா உருவாக்கிய இந்தியத் தண்டு இறக்குமதிச் சரக்கைவிட மலிவாக அதைச் சாத்தியமாக்கியது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் இதைச் செய்தால் சீழ் பிடிக்கலாம்.

இத்தனை வழி இருந்தும் பலர் முதலில் போய்ச் சேரும் இடம் பேருந்து நிலையச் சுவரொட்டி காட்டும் போலி வைத்தியரின் லாட்ஜ் அறைதான். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணிகள் விளம்பரத் தடைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது, ஆண்மைக் குறைவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே லேகியத்தில் தீர்ப்பதாக விளம்பரம் செய்பவர் ஒரே வரியில் இருமுறை சட்டத்தை மீறுகிறார். மூலிகை என்று விற்கும் பொடிகளில் சில்டெனாஃபில் கலந்திருப்பதை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பலமுறை கண்டுபிடித்துள்ளன. பலன் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டிய பொடி அது. நைட்ரேட் எடுக்கும் இதய நோயாளி அதைத் தின்பது விஷப் பரீட்சை. பூனைக்காலி விதையும் நிலப்பனைக் கிழங்கும் சித்த மருத்துவத்தில் பேர்பெற்றவை. நீரிழிவால் சிதைந்த நரம்பையும் குழாயையும் அவை சீராக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை.

நீரிழிவு ஆணுறுப்பில் செய்யும் வேறு வேலைகளும் உண்டு. முன்தோலில் புண்ணும் வெடிப்பும் அரிப்பும் திரும்பத் திரும்ப வருவது பூஞ்சைத் தொற்று. பலருக்கு நீரிழிவின் முதல் அடையாளமே அதுதான். டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதால் இத்தொற்றைக் கூட்டும். அன்றாடம் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். மனைவிக்கும் அதே அரிப்பு இருந்தால் இருவருக்கும் சேர்த்து மருந்து தர வேண்டும். விறைப்பு நன்றாக இருந்தும் விந்து வெளிவராமல் போவது இன்னொரு வகை நரம்புக் கோளாறு. சிறுநீர்ப்பையின் வாய் மூடாததால் விந்து பின்னோக்கிப் பைக்குள் போய்விடுகிறது. அடுத்துக் கழிக்கும் சிறுநீர் கலங்கலாக இருக்கும். உடம்புக்குத் தீங்கில்லை, பிள்ளைப்பேறு தடைப்படும். குழந்தை இல்லாததற்கு மனைவியை மட்டுமே பரிசோதிக்கும் வழக்கத்தில் இது கண்ணில் படுவதே இல்லை. உறவுக்குப் பின் எடுத்த சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தால் உயிரணு தெரிந்துவிடும். சிலருக்கு மாத்திரையால் பையின் வாயை இறுக்க முடிகிறது. முடியாதபோது, சிறுநீரின் அமிலத்தைக் குறைத்து, அதிலிருந்து உயிரணுக்களைப் பிரித்தெடுத்து மனைவியின் கருப்பையில் செலுத்துகிறார்கள்.